பயிற்சி வேறு, பதிவு வேறு
(அங்கத்தினர் கல்விப் பாடம்: அயல் மாநிலத்தில் பயின்ற சமரசர் நம் மாநிலத்தில் பணியாற்றும் முறை)

கூட்டு வாழ்க்கையில் பிணக்கு தோன்றுவது இயல்பு. அதைத் தீர்க்கும் வழியை அறியாதிருப்பதே கேடு. இழை அறுந்த இடத்தில் முடிச்சிட்டுத் தறியை மேலே ஓட்டும் நெசவாளரும், வரப்புத் தகராறு முற்றுமுன் அண்டை வயற்காரரோடு பேசி முடிக்கும் விவசாயியும் சமரசத்தின் பயனை நன்கு அறிவர். எனினும், பழக்கத்தால் செய்யப்படும் சமரசத்திற்கும் சட்டத்தின் துணையோடு செய்யப்படும் சமரசத்திற்கும் உள்ள வேறுபாட்டை நம் அங்கத்தினரில் பலர் இன்னும் அறிந்திலர். அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கேள்வி எழுந்த விதம்

நம் சரகத்தைச் சேர்ந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் செயலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உளர். ஓய்வுக்குப்பின் அவர் பெங்களூரில் தம் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அக்காலத்தில் அங்கே நடைபெற்ற 40 மணி நேர சமரசப் பயிற்சியில் சேர்ந்து, முறையாக முடித்துச் சான்றிதழும் பெற்றார். ஊர் திரும்பியவுடன் தம் வீட்டு வாயிலில் "பதிவு பெற்ற சமரசர்" என்று ஒரு பலகை தொங்கவிட்டார். அவருடைய நோக்கத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. கற்றதை ஊருக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணமே அவரைச் செலுத்தியது.

அவரிடம் முதலில் வந்தவர் சங்கத்தில் சேராமல் வெளியே தறி போட்டிருந்த ஒரு நெசவாளர். ஜவுளி வியாபாரி ஒருவர் பாவும் ஊடையும் கொடுத்துச் சேலை நெய்து வாங்கியதில் 84,000 ரூபாய் கூலி நின்றுபோயிற்று. சேலைகளில் பழுது இருந்ததாக வியாபாரி வாதித்தார். பெரியவர் இருவரையும் மூன்று நாள் அமர்த்திப் பேசவைத்தார். இறுதியில் 70,000 ரூபாய் எனத் தொகை முடிவாயிற்று. மாதம் 10,000 வீதம் ஏழு தவணைகளில் செலுத்துவதாக எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். வியாபாரி இரண்டு தவணைகள் செலுத்தினார். மூன்றாவது மாதம் நிறுத்திக்கொண்டார்.

மீதி 50,000 ரூபாயை வசூலிக்க நெசவாளர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் சென்றார். "இது இருவருக்கிடையே எழுதிக்கொண்ட ஒப்பந்தம். இதனை ஆதாரமாகக் கொண்டு புதிதாக வழக்குத் தொடரலாம், ஆனால் நேரே நிறைவேற்றும்படி நீதிமன்றத்தைக் கேட்க இது தீர்ப்பாணை அன்று" என்பதே அவர் கேட்ட விடை. ஆறு மாதம் பொறுத்திருந்த நெசவாளர் மீண்டும் தொடங்கிய இடத்திலேயே நின்றார். அன்று மாலை பெரியவர் நம்மிடம் வந்து, "ஐயா, நான் பெற்ற பயிற்சி இங்கே செல்லாதா? பதிவு பெறுவது எப்படி?" என்று வருந்திக் கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இதனை எழுதுகிறோம்.

2. நடுவர் யார், சமரசர் யார்?

நம் ஊர்ப் பேச்சில் 'மத்தியஸ்தர்' என்னும் ஒரே சொல் இருவரைக் குறிக்கிறது. இதனால் குழப்பம் விளைகிறது. ஒருவர் இரு தரப்பையும் கேட்டு, சான்றுகளைப் பார்த்து, இன்னது நியாயம் என்று தாமே முடிவு சொல்பவர். இவரை நடுவர் என்போம். மற்றவர் முடிவு சொல்லும் உரிமை இல்லாதவர். இரு தரப்பினரும் தாமே ஒரு முடிவுக்கு வரும்படி பேச்சை வழிநடத்துவது மட்டுமே அவர் தொழில். இவரைச் சமரசர் என்போம். நடுவரின் முடிவு தரப்பினரைக் கட்டும். சமரசர் முடிவு எதுவும் கூறுவதில்லை; தரப்பினர் தம் கையொப்பத்தால் தம்மையே கட்டிக்கொள்கின்றனர்.

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 90-வது பிரிவு நம் அங்கத்தினர் அறிந்ததே. சங்கத்தின் அமைப்பு, நிர்வாகம், வியாபாரம் ஆகியவற்றைத் தொட்டு, அங்கத்தினருக்குள்ளோ அங்கத்தினருக்கும் சங்கத்திற்குமிடையிலோ எழும் தாவா பதிவாளரின் முடிவிற்கு அனுப்பப்படுகிறது. கைத்தறி நெசவாளர் சங்கங்களைப் பொறுத்தவரை கைத்தறித் துறையே பதிவாளரின் அதிகாரத்தைச் செலுத்துகிறது. 90-வது பிரிவின் வழி நடுவர் வழியை ஒத்தது. அது சமரசர் வழி அன்று. ஆதலின் சங்கக் கடன் பாக்கி, பங்குத்தொகை முதலியவற்றைப்பற்றிய தாவாவை வெளியார் ஒருவர் முன் சமரசம் பேசி எழுதிக்கொள்வதால் மட்டும் 90-வது பிரிவின் தேவை தீர்ந்துவிட்டது என்று கருதலாகாது.

ஆனால் சங்கத்தில் சேராத நெசவாளருக்கும் வியாபாரிக்கும், விவசாயிக்கும் அண்டை வயற்காரருக்கும், சங்கத்திற்கும் அங்கத்தினரல்லாத நூல் வியாபாரிக்கும் இடையே எழும் வழக்குகள் 90-வது பிரிவுக்குப் புறம்பானவை. இவையே சமரசருக்கு உரிய களம்.

3. நீதிமன்றச் சமரசம் வந்த வரலாறு

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு, 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் புதிதாகச் சேர்க்கப்பட்டு 1-7-2002 முதல் நடைமுறைக்கு வந்தது. உடன்பாட்டிற்கு இடமுள்ள வழக்கை நடுவர் தீர்ப்பு, இணக்கம், மக்கள் நீதிமன்றம் உள்ளிட்ட நீதிமன்றத் தீர்வு, சமரசம் ஆகிய வழிகளுக்கு அனுப்ப இப்பிரிவு இடந்தருகிறது. இத்திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றவர்களில் முதன்மையானவர் நம் சேலம் நகர வழக்கறிஞர் சங்கத்தினர். அவ்வழக்கில் நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் அமைந்த குழு சமரசத்திற்கான மாதிரி விதிகளை வகுத்தளித்தது. 2-8-2005 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவற்றை உயர் நீதிமன்றங்களின் கவனத்திற்கு வைத்தது. நெசவாளரின் நகரமாகிய சேலத்தின் பெயர், இந்தியாவில் சமரச முறை பரவிய வரலாற்றில் இவ்வாறு நிலைத்துவிட்டது.

அதே 2005-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாட்டின் சமரச மையம் தொடங்கப்பட்டது. சமரசப் பயிற்சியை நாடெங்கும் ஒருமுகப்படுத்த உச்ச நீதிமன்றத்தின் சமரச இணக்கத் திட்டக் குழுவும் அவ்வாண்டே அமைக்கப்பட்டது.

4. பயிற்சி தருவது என்ன?

திட்டக் குழு வகுத்த முறைப்படி ஒரு சமரசருக்கு 40 மணி நேரப் பயிற்சி தேவை. நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் இதனை ஐந்து நாட்களில் முடிக்கலாம். பயிற்சி வெறும் சொற்பொழிவு அன்று. ஒருவர் கடன்காரராகவும் ஒருவர் கடன் கொடுத்தவராகவும் நடிக்க, மற்றொருவர் சமரசராக அமர்ந்து பழகும் நடிப்புப் பயிற்சியே அதன் உயிர். குறுக்கிடாமல் கேட்டல், ஒவ்வொரு தரப்பையும் தனியே சந்தித்தல், தனியே கூறப்பட்டதை அனுமதியின்றி மறுதரப்பிற்கு வெளியிடாதிருத்தல், வாதத்தின் பின்னே மறைந்துள்ள தேவையைக் கண்டறிதல் ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன.

இத்துடன் 10 உண்மையான சமரசங்களை நடத்திய அனுபவமும் வேண்டும் என்பது அக்குழுவின் நிலை. நம் பெரியவரிடம் 40 மணி நேரச் சான்றிதழ் இருந்தது. 10 சமரசங்களின் அனுபவம் இல்லை. அவர் குறை பெங்களூரில் பயின்றதில் இல்லை. பாதி வழியில் நின்றதிலேயே இருந்தது. இதனை அங்கத்தினர் நன்கு மனத்தில் இருத்த வேண்டும்.

5. அயல் மாநிலச் சான்றிதழ் செல்லுமா?

கல்வி எல்லைகடந்தது, பட்டியல் எல்லைக்குட்பட்டது. இதுவே விடையின் சாரம்.

பயிற்சிச் சான்றிதழ் என்பது இன்னார் இத்தனை மணி நேரம் இன்னது கற்றார் என்பதற்குச் சாட்சி. சமரசர் பட்டியல் என்பது, குறிப்பிட்ட நீதிமன்றமோ ஆணைக்குழுவோ தன்னிடம் வரும் வழக்குகளை நம்பி ஒப்படைக்கத் தேர்ந்தெடுத்தவர்களின் பெயர்த் தொகுப்பு. முன்னது பின்னதற்குத் தகுதி ஆகலாம். முன்னதே பின்னது ஆகாது. கர்நாடகத்திலோ கேரளத்திலோ ஒருவர் பட்டியலில் இடம்பெற்றிருந்தாலும், அப்பட்டியல் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. இங்கே பணியாற்ற விரும்பினால் இங்குள்ள பட்டியலில் தனியே இடம்பெற வேண்டும்.

மாதிரி விதிகள் பட்டியலில் சேரத்தக்கவர்களை வகைப்படுத்துகின்றன. ஓய்வுபெற்ற நீதிபதிகள், 15 ஆண்டுகளுக்குக் குறையாத வழக்கறிஞர்கள், 15 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள பிற துறை வல்லுநர்கள், ஓய்வுபெற்ற மூத்த அதிகாரிகள் ஆகியோர் அவருள் அடங்குவர். மாவட்ட அளவிலான பட்டியலை மாவட்ட நீதிபதி தயாரித்து உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெறுகிறார். பட்டியல் பொதுவாக மூன்றாண்டுகளுக்குச் செல்லும். உயர் நீதிமன்றங்கள் இம்மாதிரியைத் தத்தம் தேவைக்கேற்ப மாற்றி விதிகள் செய்துள்ளமையால், விண்ணப்பிப்போர் தம் மாநில விதிகளைப் படித்தறிதல் கடமை. சட்டம் படித்தவர் மட்டுமே சமரசராகலாம் என்ற எண்ணம் தவறானது என்பதையும் ஈண்டுக் கவனிக்க. நூல் ரகமும் சாயத்தின் தரமும் அறிந்த ஒருவர் நெசவாளர் வழக்கில் செய்யக்கூடிய உதவி சிறிதன்று.

தகுதிக்கேடுகளும் உண்டு. நொடித்தவர் என அறிவிக்கப்பட்டவரும், ஒழுக்கக்கேடான குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவரும் அத்தகைய குற்றச்சாட்டு நிலுவையில் உள்ளவரும் சேர இயலாது. வழக்கின் பொருளில் தமக்கு ஆதாயம் உள்ளவர் அவ்வழக்கில் சமரசராக அமர இயலாது.

6. செய்ய வேண்டுவன

அயல் மாநிலத்தில் பயின்றோர் கீழ்க்கண்ட முறையைப் பின்பற்றுவது நலம்.

(அ) சான்றிதழை முதலில் ஆராய்க. பயிற்சி மணி நேரம், தேதிகள், நடத்திய அமைப்பின் பெயர் ஆகியவை அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். பயிற்சியாளர்கள் திட்டக் குழுவின் அங்கீகாரம் பெற்றவர்களா என்பதைப் பயிற்சி நடத்தியவர்களிடமே எழுத்தில் பெறுக. பணங்கொடுத்துச் சேருமுன்பே இதனைக் கேட்டறிவது இன்னும் நலம்.

(ஆ) சான்றிதழ் கன்னடத்திலோ மலையாளத்திலோ இருப்பின், சான்றொப்பமிட்ட மொழிபெயர்ப்பை இணைக்க.

(இ) நடத்திய சமரசங்களின் விவரத்தை ஆண்டு, வழக்கின் வகை, முடிவு என்ற அளவில் எழுதுக. தரப்பினரின் பெயரை எழுதலாகாது. சமரசத்தில் பேசப்பட்டதை இரகசியமாகக் காப்பது சமரசரின் முதற்கடமை. தம் தகுதியைக் காட்டுவதற்காக அக்கடமையை மீறியவர் தகுதியின்மையையே காட்டியவராவார்.

(ஈ) கல்வி, அனுபவம், அறிந்த மொழிகள் ஆகியவற்றிற்கான சான்றுகளையும், தகுதிக்கேடு எதுவும் இல்லை என்ற உறுதிமொழியையும் சேர்த்து, மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சமரச மையத்தில் பட்டியலுக்கு விண்ணப்பங்கள் எப்போது, எவ்வடிவில் ஏற்கப்படும் என்று நேரில் கேட்டு, அதன்படி அளிக்க.

(உ) மையம் இசைந்தால், அனுபவமுள்ள சமரசருடன் துணையாக அமர்ந்து பழகுக. இங்குள்ள நடைமுறையும் படிவங்களும் வேறாக இருக்கலாம். மேலும், சமரசம் மக்களின் மொழியில் நடப்பது. ஆங்கிலத்தில் பயின்ற கேள்விகளை நெசவாளரின் தமிழில் கேட்டுப் பழகுவதற்குத் தனி உழைப்பு வேண்டும்.

(ஊ) பட்டியலில் பெயர் ஏறும்வரை "பதிவு பெற்ற" என்ற அடைமொழியைப் பலகையிலோ தாளிலோ பயன்படுத்தாதிருக்க. "சமரசப் பயிற்சி பெற்றவர்" என்பது உண்மை, அவ்வளவே போதும்.

7. 2023-ஆம் ஆண்டுச் சட்டம்

நாடு முழுமைக்கும் ஒரே முறை வேண்டும் என்ற கருத்தில் சமரசச் சட்டம், 2023 இயற்றப்பட்டது. சமரசரை அங்கீகரிக்க இச்சட்டம் நான்கு வாயில்களைக் காட்டுகிறது: இந்திய சமரசக் கவுன்சிலில் பதிவு பெறுதல், நீதிமன்றம் சார்ந்த சமரச மையத்தின் பட்டியலில் இடம்பெறுதல், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் இடம்பெறுதல், அங்கீகாரம் பெற்ற சமரசச் சேவை அமைப்பின் பட்டியலில் இடம்பெறுதல். பயிற்சி, தேர்வு, சான்று ஆகியவற்றிற்கு வழிமுறைகள் வகுப்பதும், சமரசர்களைப் பதிவு செய்வதும், தவறியோரின் பதிவை நீக்குவதும் கவுன்சிலின் கடமைகளாக வைக்கப்பட்டுள்ளன. அயல் மாநிலத்தில் பயின்றவரின் இடர்ப்பாட்டை நீக்கவல்லது நாடு தழுவிய இத்தகைய பதிவேடே.

சமரசத்தை 120 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தரப்பினர் இசைந்தால் மேலும் 60 நாட்கள் நீட்டலாம் என்றும், முறையாகச் செய்த உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணையைப்போல நிறைவேற்றத்தக்கது என்றும் இச்சட்டம் கூறுகிறது. ஆனால் 9-10-2023 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டவை சில பிரிவுகளே. கவுன்சிலைப்பற்றிய பிரிவுகள் அவற்றுள் அடங்கும். உடன்பாட்டிற்குத் தீர்ப்பாணையின் வலிமை தரும் 27-வது பிரிவு அந்த அறிவிக்கையில் அடங்கவில்லை. ஆதலின் இச்சட்டத்தின் ஒரு பிரிவை நம்பி உடன்பாடு எழுதுவோர், அப்பிரிவு நடைமுறைக்கு வந்த அறிவிக்கையைக் கேட்டறிந்த பின்னரே எழுத வேண்டும்.

ஊர் அமைதியைக் குலைக்கக்கூடிய பிணக்குகளுக்குச் சமுதாய சமரசம் என்ற ஒரு வகையையும் இச்சட்டம் வகுத்துள்ளது. இதனை மூன்று சமரசர் கொண்ட குழு நடத்தும். இவ்வகை உடன்பாடு தீர்ப்பாணையாக நிறைவேற்றத்தக்கதன்று என்று சட்டமே கூறுவதை மறத்தல் கூடாது. பணம் வசூலாக வேண்டிய வழக்கிற்கு இது ஏற்ற வழி ஆகாது.

8. உடன்பாட்டிற்கு வலிமை தரும் வழிகள்

சமரசர் யாராயினும், தரப்பினர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நாளை மறுதரப்பு சொல் தவறினால் இத்தாள் என்ன செய்யும்?"

வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருப்பின், உடன்பாட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து அதன்படி தீர்ப்பாணை பெறலாம். 89-வது பிரிவின்கீழ் தீர்ந்த வழக்குகளில் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் சலுகை, தரப்பினர் தாமாகவே வெளியே பேசித் தீர்த்துக்கொண்ட வழக்குகளுக்கும் உண்டு என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 17-2-2021 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வழக்குத் தொடரப்படாத நிலையில், வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகி மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாட்டைப் பதியலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன்படி மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு தீர்ப்பாணைக்கு ஒப்பானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை.

3 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்காயின், அவசரப் பரிகாரம் வேண்டாதபோது, முதலில் சமரசத்திற்குச் சென்ற பின்னரே வழக்குத் தொடர வேண்டும் என்பது வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் விதி. இது கட்டாயமானது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வெளி வியாபாரிகளோடு பெருந்தொகைக்கு நூல் கொள்முதல் செய்யும் சங்கங்கள் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

9. நம்மைப்பற்றி ஒரு சொல்

"ஆய்வாளராகிய நீங்களே சமரசம் செய்துவைக்கலாகாதா?" என்று சிலர் கேட்கின்றனர். கணக்கைப் பார்க்கவும், குறை காணவும், மேலிடத்திற்கு அறிக்கை அனுப்பவும் சட்டம் நமக்கு அதிகாரம் அளித்துள்ளது. அதிகாரம் உடையவன்முன் மக்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். அவன் முகத்தைப் பார்த்து இசைவார்கள். அச்சத்தால் வந்த இசைவு சமரசம் ஆகாது. ஆதலின் நம் சரகத்திற்குள் சமரசராக அமர்வதை நாம் தவிர்க்கிறோம். ஓய்வுபெற்ற செயலாளர்களும் தாம் பணியாற்றிய சங்கம் ஒரு தரப்பாக உள்ள வழக்கில் விலகி நிற்றல் முறை. குறைந்த அளவு, அத்தொடர்பை இரு தரப்பிற்கும் முதலிலேயே வெளிப்படுத்தல் வேண்டும்.

10. பின்னர் நடந்தது

மேற்கண்டவற்றை நாம் எடுத்துக் கூறியபின், பெரியவர் தாமே வியாபாரியின் கடைக்குச் சென்றார். தாம் முன்பு செய்தது அரைகுறை வேலை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். வியாபாரிக்கும் பணமுடை இருந்தது உண்மையே; தவணையைச் சிறிதாக்கினால் செலுத்த இசைந்தார். மாதம் 5,000 வீதம் பத்துத் தவணைகள் என்று முடிவாகி, இம்முறை இருவரும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் வழியே மக்கள் நீதிமன்றத்தில் பதிந்துகொண்டனர். நெசவாளர் இன்னும் பத்து மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிழை செய்தவர் சமரசர், காத்திருந்தவர் நெசவாளர். பதிவு என்பது வெற்றுச் சடங்கு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

பெரியவர் வீட்டு வாயிலில் இப்போது அப்பலகை இல்லை. அனுபவமுள்ள ஒரு சமரசரோடு துணையாக அமர்ந்து, குறைந்த எண்ணிக்கையை நிறைவு செய்துவருகிறார். விண்ணப்பத்திற்கான தாள்களையும் ஒழுங்குபடுத்தி வைத்துள்ளார். பெயர் பட்டியலில் ஏறும் நாளில் பலகை மீண்டும் ஏறும். ஒவ்வொரு வட்டாரத்திலும் இத்தகையோர் இருவர் மூவரேனும் முறையாகத் தகுதி பெறுவாராயின், நம் நெசவாளரும் விவசாயிகளும் வழக்கில் இழக்கும் பொருளில் ஒரு பகுதியையாவது தறியிலும் நிலத்திலும் இட இயலும்.

படிப்பு வட்டத்தில் விவாதித்தற்குரிய வினாக்கள்

1. நடுவருக்கும் சமரசருக்கும் உள்ள வேறுபாடு யாது? 90-வது பிரிவின்கீழ் வரும் தாவா எவ்வகையைச் சார்ந்தது?
2. பயிற்சிச் சான்றிதழுக்கும் சமரசர் பட்டியலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. நெசவாளர் முதலில் பெற்ற தாளுக்கும் பின்னர் பெற்ற தீர்வுக்கும் வலிமையில் உள்ள வேறுபாடு என்ன?
4. உங்கள் சங்கத்தில் அங்கத்தினரல்லாதாருடன் நிலுவையிலுள்ள பிணக்குகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் ஏற்ற வழியை ஆராய்க.